முதலில் மல்லாந்து மிதக்கட்டும்

2022ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு பிற்பகல், நான் அடுப்படியில் இருந்த ஐந்து நிமிடத்துக்குள், அப்போது ஏழு வயதாகியிருந்த என் மகன் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டான். எங்கள் வீடு தண்டையார்பேட்டையில், எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருக்கிறது. அந்தச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அதைக் கடந்தால் கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்பாறைகளும் அவற்றை ஒட்டியே கடலும்தான். அவன் பேசுவதில்லை. ஆட்டிசம் இருப்பதாக மூன்று வயதில் கண்டறிந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பெரும்பாலும் திரும்பிப் பார்க்க மாட்டான். பாறை விளிம்பில் கால் நனைய உட்கார்ந்திருந்தவனை, மீன் விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அக்கா இடுப்பில் தூக்கிக்கொண்டு, தெருத் தெருவாக விசாரித்து எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தார்.

அன்றிரவே என் கணவர் கதவின் உச்சியில் இரண்டாவது தாழ்ப்பாள் ஒன்றைப் பொருத்தினார். ஆனால் பிள்ளை வளர்ந்தால் அதுவும் கைக்கு எட்டிவிடும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலர் நீரால் ஈர்க்கப்படுவதும், அவர்கள் வழிதவறிச் செல்லும்போது நேரும் மரணங்களில் நீரில் மூழ்குவதே முதன்மைக் காரணமாக இருப்பதும் பிற நாட்டு ஆய்வுகளில் தெளிவாகப் பதிவாகியுள்ளன. எங்கள் பகுதிக் குப்பத்துப் பிள்ளைகள் ஆறேழு வயதில், பெரிய பையன்களைப் பார்த்து, அவர்கள் தள்ளிவிட்டு, நாலு வாய் உப்புத் தண்ணீர் குடித்து, தாமாகவே நீந்தக் கற்றுக்கொள்கிறார்கள். பிறரைப் பார்த்துச் செய்வதுதான் என் மகனுக்கு மிகக் கடினமானது. ஆகவே அவனுக்கு யாராவது படிப்படியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

முதலில் போன நீச்சல் குளத்தில், மற்ற பெற்றோர் ஆட்சேபிப்பார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது குளத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அங்கிருந்த பயிற்சியாளர், பயம் தெளிய இதுதான் வழி என்று சொல்லி, என் மகனைப் பின்னாலிருந்து தூக்கித் தண்ணீருக்குள் போட்டார். அதன் பிறகு நான்கு மாதங்கள் அவன் வீட்டில்கூடத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற விடவில்லை. இப்போது என்னிடம் ஆலோசனை கேட்கும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: குளம் எவ்வளவு பெரியது, கட்டணம் எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன்னால், தண்ணீரில் இறங்க மறுக்கும் குழந்தையை என்ன செய்வீர்கள் என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். “அவன் இறங்கும்வரை படியில் அவனோடு உட்கார்ந்திருப்பேன்” என்கிற பொருளில் பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

வேளச்சேரியில் அரசின் நீச்சல் வளாகம் இருக்கிறது, மெரினாவில் மாநகராட்சிக் குளம் இருக்கிறது. ஆனால் கூட்டத்தையும் ஹாரன் சத்தத்தையும் தாங்க முடியாத குழந்தையை, வாரம் இரண்டு முறை நகரின் மறுமுனைக்கு அழைத்துப்போய்த் திரும்புவது எங்களால் இயலாததாக இருந்தது. பயிற்சி என்பது வீட்டிலிருந்து ஓர் ஆட்டோ தூரத்தில் இருந்தால்தான் நிலைக்கும். என் மகனுக்குச் சிகிச்சை அளித்த பிசியோதெரபிஸ்ட், தம்மிடம் வரும் வேறு மூன்று குடும்பங்களை அறிமுகப்படுத்தினார். நான்கு தாய்மார்களும் சேர்ந்து பெரம்பூர்ப் பக்கம் இருந்த ஒரு பழைய குளத்தின் பொறுப்பாளரைப் போய்ப் பார்த்தோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 30ஆம் பிரிவு, விளையாட்டுகளில் மாற்றுத்திறனாளிகள் பங்கேற்கும் உரிமையையும், அதற்கேற்ப வசதிகளை மாற்றி அமைப்பதையும் பற்றிப் பேசுகிறது. அதன் நகலை எங்கள் விண்ணப்பத்துடன் இணைத்திருந்தோம். அனுமதி கிடைத்ததற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன்; புதன், சனி பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தக் குளம் காலியாகக் கிடந்தது என்பதும் ஒரு காரணம்.

ஆளில்லாத நேரம் என்று கிடைத்த அந்தப் பிற்பகல், குழந்தைகளுக்கு மிகப் பொருத்தமான நேரமாக அமைந்தது. நீச்சல் போட்டிக்கான குளத்தில் நீரின் வெப்பநிலை 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருக்கும். நீர்ச் சிகிச்சைக் குளங்களில் 33 முதல் 35 டிகிரி வைத்திருப்பார்கள். நீர் உடலின் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும் என்பதால், செரிப்ரல் பால்சி எனப்படும் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைக் காலை ஆறு மணிக் குளிர்ந்த நீரில் இறக்கினால் தசைகள் இறுகி, கைகால்கள் விறைத்துப்போகும். சென்னை வெயில் திறந்தவெளிக் குளத்தை இரண்டு மணிக்குள் இலவசமாகச் சூடாக்கித் தந்துவிடுகிறது. ஆழமில்லாத பகுதிக்கு மேல் பச்சை நிழல்வலை கட்டுவதற்கு மட்டும் நாங்கள் பணம் திரட்டினோம். அப்படியும் உதடு நீலம் பாரித்தாலோ, தாடை நடுங்கினாலோ, எத்தனை நிமிடம் ஆகியிருந்தாலும் உடனே கரையேற்றிவிடுவது எங்கள் விதி. பொதுவாக அரை மணி நேரத்துக்கு மேல் யாரையும் நீரில் வைத்திருப்பதில்லை.

அடுத்த கேள்வி, குழந்தைகளோடு தண்ணீரில் யார் இறங்குவது என்பது. எங்கள் நால்வரில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்திருந்தும், வயதுக்கு வந்த பிறகு முழங்காலுக்கு மேல் நாங்கள் யாரும் நனைந்ததில்லை. புடவையோ பருத்திச் சுடிதாரோ அணிந்து இறங்க முடியாது. நனைந்தால் கனக்கும், காலைச் சுற்றும், நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நைலான் துணி எடுத்து, கணுக்கால் வரைக்கும் கால்சட்டையும் முழங்கால் வரைக்கும் மேல்சட்டையுமாகத் தைத்துக்கொண்டோம். வெட்கமும் வீட்டாரின் பேச்சும் இரண்டு வாரத்தில் ஓய்ந்தன. நாங்கள் முதல் ஒரு மாதம் குழந்தைகளை அழைத்துவராமல், நாங்களே கற்றுக்கொண்டோம். தாய் பயந்தால் அவள் உடல் விறைக்கும், அந்த விறைப்பு கை வழியாகப் பிள்ளைக்குப் போகும். அந்த ஒரு மாதம் வீண் என்று அப்போது நினைத்த நான், இன்று எதை விட்டுக்கொடுத்தாலும் அதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சொல்வேன்.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் காசிமேட்டில் நாற்பது ஆண்டுகள் கடல் தொழில் செய்து ஓய்ந்த ஒரு பெரியவர். என் கணவருக்குத் தூரத்து உறவு. பிள்ளைகளும் நாங்களும் அவரை நைனா என்றே அழைக்கிறோம். “தண்ணிய அடிக்காதம்மா. அது மேல படு. பாய் மேல படுக்கிற மாதிரி படு” என்பார். எங்கள் நால்வரையும் முதலில் மல்லாந்து மிதக்க வைக்கும்வரை வேறு எதையும் அவர் சொல்லித்தரவில்லை. படகு கவிழ்ந்தால் நீந்திக் கரை சேர்பவர்களைவிட, மல்லாந்து கிடந்து மூச்சைச் சேமித்துக்கொண்டவர்களே அதிகம் பிழைத்திருக்கிறார்கள் என்பது அவருடைய அனுபவம்.

அதே சமயத்தில் பிசியோதெரபிஸ்ட் எங்களுக்கு ஹாலிவிக் முறையைப் பற்றி விளக்கினார். லண்டனில் ஹாலிவிக் என்ற பெண்கள் பள்ளியில், உடற்குறைபாடு உள்ள மாணவிகளுக்கு நீச்சல் கற்பிக்க ஜேம்ஸ் மெக்மில்லன் என்ற பொறியாளர் 1949இல் உருவாக்கத் தொடங்கிய முறை அது. நீரோட்டம் பற்றிய படிப்பு அவருடையது என்பதால், எந்த உடல் நீரில் எப்படிச் சமநிலை இழக்கும் என்பதிலிருந்து அவர் தொடங்கினார். பத்துப் படிகள் கொண்ட அந்த முறையில் நீச்சல் அடிப்பது கடைசியில்தான் வரும். நீருக்குப் பழகுவது, மூச்சை ஊதுவது, உடலை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் உருட்டித் திரும்புவது, அசையாமல் மிதப்பது ஆகியவையே அதற்கு முந்தைய படிகள். கவிழ்ந்து கிடக்கும் குழந்தை தானாக உருண்டு முகத்தை வானத்துக்குத் திருப்பத் தெரிந்துகொள்வதுதான் அதன் உயிர்நாடி. காசிமேட்டு நைனாவும் லண்டன் பொறியாளரும் ஒரே இடத்தில் வந்து நின்றதைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

அந்த முறையில் மிதவைகள் கிடையாது. ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர்தான் மிதவை. கிராமத்துக் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கிய பழக்கத்தில் வந்த நமக்கு இதை ஏற்பது எளிதாக இல்லை. எங்களில் ஒருவர் தன் பிள்ளைக்குக் காற்றடைத்த கைவளையங்கள் வாங்கிவந்தார். வலது கையை மட்டுமே நன்றாக அசைக்கக்கூடிய அந்தப் பையன் திரும்ப முயன்றபோது ஒரு பக்கமாகச் சாய்ந்து முகம் நீரில் அழுந்தியது. வளையம் அவனை அந்த நிலையிலேயே பிடித்து வைத்துக்கொண்டது. நைனா பக்கத்திலேயே நின்றதால் நொடியில் தூக்கிவிட்டார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வேலை செய்யும் உடலுக்காகச் செய்த பொருள், அப்படி இல்லாத உடலுக்குப் பகையாகிவிடும் என்று அன்று கண்ணால் கண்டோம். மேலும் என் மகனைப் போன்ற பிள்ளைகள் வளையத்தோடு கற்றதை வளையம் இருக்கும்போது மட்டுமே செய்வார்கள்.

பெரியவர் குழந்தையைத் தாங்கும் விதம் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். நின்றுகொண்டு குனிந்து பிடித்தால் குழந்தை நம்மை அண்ணாந்து பார்க்கும். தலை பின்னால் போனதும் கால் மேலே வந்து உடல் கவிழும். நீரில் தலைதான் சுக்கான். ஆகவே நம் தோள் நீருக்குள் இருக்கும் அளவுக்கு முழங்காலை மடித்து இறங்கி, நம் முகம் குழந்தையின் முகத்துக்கு நேராக இருக்குமாறு நிற்க வேண்டும். விரல்களால் பற்றக் கூடாது. விரித்த உள்ளங்கையின் மேல் குழந்தையின் இடுப்பின் பின்பக்கம் அமர்ந்திருக்க வேண்டும். பற்றினால் குழந்தையும் பற்றும். நாள் ஆக ஆக உள்ளங்கையைச் சிறிது சிறிதாகக் கீழே இறக்க வேண்டும். என் மகனுக்குக் கீழிருந்து என் கை முழுமையாக விலக ஐந்து மாதங்கள் ஆயின.

வீட்டில் செய்த பயிற்சி குளத்தில் செய்ததற்குக் குறைந்ததல்ல. டம்ளர் நீரில் உறிஞ்சுகுழலை வைத்து ஊதுவது, பிறகு அன்னக்கூடையில் நீர் நிரப்பி வாயை வைத்து ஊதுவது, சொம்பால் தோளில் தொடங்கி ஒவ்வொரு வாரமும் சற்று மேலே, பின்தலை, உச்சந்தலை, நெற்றி என்று நீர் ஊற்றுவது என நாள்தோறும் பத்து நிமிடம் செய்தோம். முகத்துக்கு நீர் வந்தால் ஊத வேண்டும் என்பது அனிச்சையாகப் படிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கூடவே குளத்தின் வாசல், செருப்பு விடும் இடம், படிக்கட்டு, தண்ணீர், துண்டு, திரும்பும் ஆட்டோ ஆகியவற்றைப் படம் எடுத்து அட்டையில் ஒட்டி வரிசையாகக் காட்டினோம். இறங்குவதைவிட வெளியே வருவதுதான் எங்கள் பிள்ளைகள் பலருக்குக் கடினம். அதனால் பத்திலிருந்து ஒன்றுவரை எல்லோரும் சேர்ந்து சத்தமாக எண்ணியபடி படி ஏறுவதையும், மேலே வந்ததும் ஒரு பொட்டலம் சுண்டல் கிடைப்பதையும் ஒருநாளும் மாற்றுவதில்லை. நீர் கண்டால் குடிக்கும் பழக்கம் உள்ள குழந்தைகளும் இருக்கிறார்கள். குளத்து நீரை அதிகமாகக் குடித்தால் உடலின் உப்புச்சத்து குறைந்து ஆபத்து வரலாம் என்பதால், இறங்குவதற்கு முன்பே அவர்களுக்குத் தாகம் தீரக் கொடுத்துவிடுகிறோம்.

எங்கள் எண்ணிக்கை ஓராண்டில் பதினொன்று ஆனது. ஒவ்வொரு குழந்தையும் வேறு வேறு கவனத்தைக் கேட்டது. டவுன் சின்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்பு மூட்டு தளர்வாக இருக்கக்கூடும் என்பதால், மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை தலைகீழாகப் பாய்வதை அறவே அனுமதிக்கவில்லை. காது கேட்கும் கருவியைக் கழற்றிவிட்டு இறங்கும் சிறுவனுக்காக நாங்கள் எல்லோருமே நான்கு கைச்சைகைகளைக் கற்றுக்கொண்டோம். அது பேசாத மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்பட்டது. முதுகுத்தண்டுப் பிளவினால் காலில் உணர்ச்சி இல்லாத சிறுமிக்குக் குளத்தின் சொரசொரப்பான தரையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது அவளுக்கே தெரியவில்லை. அதிலிருந்து அவளுக்கு ரப்பர் இல்லாத துணிக் காலணி அணிவிக்கிறோம், ஏனெனில் அந்தப் பிரச்சினை உள்ளவர்களில் பலருக்கு இயற்கை ரப்பர் ஒவ்வாமை தரும்.

மூளை முடக்குவாதம் உள்ள ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, வீட்டிலும் பள்ளியிலும் சக்கர நாற்காலியைவிட்டு இறங்கியதில்லை. மார்பளவு நீரில் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் கால்கள் சுமக்க வேண்டும். கழுத்தளவில் அது பத்தில் ஒரு பங்காகிவிடும். ஆறாவது வாரம் அவள் தன் தாயின் முழங்கையை மட்டும் பிடித்துக்கொண்டு மார்பளவு நீரில் நின்றாள். பிறந்தது முதல் மகளின் முகத்தை நேருக்கு நேராக நின்று பார்த்ததில்லை என்று அந்தத் தாய் அழுதார். அவளைக் குளத்துக்குள் இறக்குவதுதான் எங்களுக்கு இன்னும் தீராத சிரமம். சாய்தளம் இல்லாத குளம் அது. விளிம்பில் பாய் விரித்து உட்கார வைத்து, மெல்லக் கவிழ்த்து, கால் முதலில் போகுமாறு ஒருவர் மேலிருந்தும் ஒருவர் நீரிலிருந்தும் தாங்கி இறக்குகிறோம். தனியாகத் தூக்கிய ஒரு தாய்க்கு முதுகு பிடித்துக்கொண்டு மூன்று வாரம் படுக்கையில் கிடந்தார். அதன் பிறகு இரண்டு பேர் இல்லாமல் யாரையும் தூக்குவதில்லை.

வலிப்பு வரும் குழந்தைகளைச் சேர்க்கலாமா என்று நாங்கள் நீண்ட நேரம் விவாதித்தோம். நரம்பியல் மருத்துவரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலுடன், அந்தக் குழந்தையிடமிருந்து ஒரு கை தூரம்கூட விலகாத ஒரு பெரியவர் இருந்தால் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். 2023 ஆகஸ்டில் ஒரு சிறுவனுக்கு நீரிலேயே வலிப்பு வந்தது. ஒத்திகை பார்த்திருந்தபடி, அவனோடு இருந்தவர் பின்னாலிருந்து அவன் தலையைத் தன் தோளில் சாய்த்து முகத்தை நீருக்கு மேலே வைத்துக்கொண்டார். மற்றவர்கள் பிள்ளைகளைக் கரையேற்றினார்கள். துள்ளல் அடங்கிய பிறகே அவனை வெளியே எடுத்து ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். வாயில் எதையும் வைக்கவில்லை, கையில் இரும்பைத் திணிக்கவும் யாரையும் விடவில்லை. அவன் எழுந்து சிரித்தபோதும் 108க்கு அழைத்து மருத்துவமனைக்கு அனுப்பினோம். நுரையீரலுக்குள் நீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். ஒத்திகை இல்லாதிருந்தால் அன்று என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு நடுக்கமாக இருக்கிறது. மாதம் ஒரு முறை அந்த ஒத்திகையை இப்போதும் செய்கிறோம்.

ஆட்டிசம் உள்ள ஜியா ராய் என்ற மும்பைச் சிறுமி, 2022 மார்ச் 20 அன்று தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிவரை பாக் நீரிணையை 13 மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் நீந்திக் கடந்த செய்தியைப் பெற்றோர் பலரும் எனக்கு அனுப்பினார்கள். அந்தப் பிள்ளையை நினைத்து நான் பெருமைப்படுகிறேன். பதக்கக் கனவு தவறும் இல்லை. பாராலிம்பிக் நீச்சலில் உடற்குறைபாட்டுக்கு எஸ்1 முதல் எஸ்10 வரையும், பார்வைக் குறைபாட்டுக்கு எஸ்11 முதல் எஸ்13 வரையும், அறிவுசார் குறைபாட்டுக்கு எஸ்14உம் என்று பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் மூன்றாவது வாரமே நேரம் குறிக்கத் தொடங்கிய ஒரு தந்தையால் அவர் மகன் குளத்துக்கு வரவே மறுத்ததைப் பார்த்திருக்கிறேன். முதல் ஓராண்டுக்குக் கடிகாரத்தைக் குளத்தருகே கொண்டுவராதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதற்குள் என் மகன் குளத்தில் தானாக உருண்டு மல்லாந்து இரண்டு நிமிடம் மிதப்பான். வெள்ளத்தில் அவனை அழைத்துக்கொண்டு மெயின் ரோட்டை நோக்கிப் போகும்போது கால் இடறி விழுந்தான். சட்டையும் கால்சட்டையும் நனைந்து உடலோடு ஒட்டியதும், குளத்தில் கற்ற ஒன்றுமே அவனுக்கு வரவில்லை. கவிழ்ந்தபடி கையை உதறிக்கொண்டிருந்தான். என் கணவர் தூக்கினார். நீச்சல் உடை, கண்ணாடி, நீல ஓடு பதித்த குளம், இரண்டு மணி வெயில் எல்லாம் சேர்ந்ததுதான் அவனுக்கு நீச்சல் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவன் பாறைக்குப் போன நாளில் பள்ளிச் சீருடையில்தான் போயிருந்தான்.

மழைக்காலம் முடிந்து குளம் திறந்ததும், சனிக்கிழமைகளை உடுத்திய உடுப்புப் பயிற்சிக்கென்று ஒதுக்கினோம். முதலில் நீச்சல் உடைக்கு மேல் பனியன் மட்டும், பிறகு சட்டை, பிறகு முழுக்கால்சட்டை, கண்ணாடி இல்லாமல், சில நாள் படியிலிருந்து, சில நாள் விளிம்பிலிருந்து சறுக்கி. ஒரு முறை செருப்போடும் செய்தோம். ஒன்பது சனிக்கிழமைகள் அவன் அழுதான், நானும் மனம் தளர்ந்தேன். பத்தாவது சனிக்கிழமை, சீருடையோடு விளிம்பிலிருந்து சறுக்கி விழுந்தவன் கவிழ்ந்து மேலே வந்தான். நைனா என் கையைப் பிடித்து நிறுத்தினார். மனத்துக்குள் நான் நான்கு எண்ணுவதற்குள் அவன் தலையைத் திருப்பினான், தோள் திரும்பியது, முகம் மேலே வந்தது, புஸ்ஸென்று ஊதினான். சட்டை நீரில் விரிந்து கிடக்க, கொஞ்ச நேரம் நிழல்வலையைப் பார்த்துக்கொண்டே கிடந்துவிட்டு, காலை உதைத்து உதைத்துச் சுவரில் இருந்த கம்பியைப் பிடித்தான்.

வீட்டுக் கதவின் மேல் தாழ்ப்பாளை நாங்கள் கழற்றவில்லை, கழற்றவும் மாட்டோம். கடலில் இறக்குவதற்கு அவனுக்குப் பத்து வயது முடியட்டும் என்று நைனா சொல்லியிருக்கிறார். இப்போது மற்றக் குழந்தைகளும் தாங்கள் வீட்டில் என்ன உடுத்துவார்களோ அதிலேயே சனிக்கிழமை பழகுகிறார்கள். பாவாடை அணியும் ஒரு சிறுமிக்கு, விழுந்தவுடன் துணிக்குள் காற்று அடைத்து இடுப்பு மேலே தூக்கிக்கொள்கிறது. காற்று போனதும் அதே துணி காலைக் கீழே இழுக்கிறது. அந்த முதல் சில நொடிகள் அசையாமல் கிடக்க அவளைப் பழக்கிக்கொண்டிருக்கிறோம்.